கார் ஏத்துற மூடின ட்ரெய்லர் வாங்கப் போறீங்களா? பிராண்ட விடுங்க, அடியில படுத்துப் பாருங்க

டெக்சாஸ்ல இருக்கற தம்பி ஒருத்தர் கேட்டிருந்தார். மஸ்டங் ஜிடி வச்சிருக்கார், அத ஆஸ்டின்ல சர்க்யூட் ஆஃப் தி அமெரிக்காஸ் ரேஸ் ட்ராக்குக்கும் ஃபோர்ட் வொர்த் பக்கத்துல கிரெசன் ட்ராக்குக்கும் கொண்டுபோகணும், இழுக்க ஒரு எஃப்-150 பிக்கப் ட்ரக் இருக்கு, 24 அடி மூடின ட்ரெய்லர் பாத்துட்டிருக்கார். ஜார்ஜியால செஞ்சது ஒண்ணு ரொம்ப மலிவா வருது, இந்தியானால செஞ்சது ஒண்ணு அதவிட பல ஆயிரம் டாலர் கூட. ரெண்டும் வெளியில ஒரே மாதிரி இருக்கு, எந்த பிராண்ட் நல்லது, எதுக்கு இவ்ளோ வித்தியாசம், முன்பக்கம் வி மாதிரி கூரா இருக்கற வி-நோஸ் எடுக்கலாமா, எஃப்-150 தாங்குமா, இதான் கேள்வி.

தம்பி, பிராண்ட் பேர சொல்லி பதில முடிக்க என்னால முடியாது, ஏன்னா ஒரே கம்பெனியே மூணு நாலு தரத்துல ட்ரெய்லர் செய்யுது. கீழ்த்தட்டு மாடல் ஒண்ணு, நடுத்தரம் ஒண்ணு, ரேஸ் டீமுக்குன்னு மேல்தட்டு ஒண்ணு, எல்லாத்துலயும் அதே ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். ஒருத்தர் "அந்த பிராண்ட் சூப்பர்"னு சொல்றதும் இன்னொருத்தர் "அது குப்பை"ன்னு சொல்றதும் ரெண்டுமே உண்மையா இருக்கலாம், வேற வேற மாடல் வாங்கியிருப்பாங்க. அதே மாதிரி ஜார்ஜியான்னாலே மட்டம், இந்தியானான்னாலே ஒசத்தின்னும் கிடையாது. தெற்கு ஜார்ஜியால டக்ளஸ் ஊர சுத்தி நிறைய பட்டறை இருக்கு, விலைக்கு போட்டி போட்டு செய்யற இடம், ஆனா நாம கேட்டா கனமாவும் செஞ்சு தருவாங்க. இந்தியானால எல்க்ஹார்ட், நாப்பனி பக்கம் ட்ரெய்லர் தொழிலே ஊர் தொழில், அங்கயும் மலிவு மாடல் எக்கச்சக்கமா வருது. அதனால ட்ரெய்லரோட எலும்புக்கூட்ட பாருங்க. உள்ள ப்ளைவுட் அடிச்சு வெளியில அலுமினிய தகடு ஒட்டினதுக்கு அப்புறம் எலும்பு கண்ணுக்கு தெரியாது, அதான் ரெண்டும் ஒரே மாதிரி இருக்குன்னு உங்களுக்கு தோணுது.

ஆனா எலும்புக்கும் முன்னாடி ஒரு கணக்கு இருக்கு, அது தப்பாயிட்டா மத்தது எதுவும் பிரயோஜனம் இல்ல. நீங்க அனுப்பின அந்த மலிவு ட்ரெய்லர்ல 3,500 பவுண்டு ஆக்சில் ரெண்டு, ஜிவிடபிள்யூஆர் 7,000 பவுண்டுன்னு போட்டிருக்கு. ஜிவிடபிள்யூஆர்னா ட்ரெய்லரும் அதுக்குள்ள ஏத்தினதும் எல்லாம் சேர்த்து அது தாங்கற மொத்த எடை. எட்டரை அடி அகலம் 24 அடி நீளத்துல ஸ்டீல் ஃப்ரேம் மூடின ட்ரெய்லர் காலியாவே சுமாரா 3,800லேருந்து 4,500 பவுண்டு வரும். 4,000னே வச்சுக்குவோம், மிச்சம் 3,000. உங்க மஸ்டங் ஜிடி தனியா 3,700, 3,800 இருக்கும். அதாவது காரை ஏத்தின நிமிஷமே ஓவர்லோட், ஒரு ஸ்பேனர் கூட இன்னும் வைக்கல. இத "கார் ஹாலர்"னு பேர் போட்டே விக்கறாங்க, மியாட்டா மாதிரி 2,400 பவுண்டு கார் வச்சிருக்கறவங்களுக்கு ஒருவேளை சரிப்படும், உங்களுக்கு நிச்சயமா ஆகாது. அந்த லிங்க இப்பவே மூடிடுங்க.

உங்க கணக்கு இப்படி போடுங்க. கார் 3,800, கூடுதலா ஒரு செட் வீல் டயர் 200, டூல் பாக்ஸ், ஜாக், ஸ்டாண்டு, கம்ப்ரஸர், பெட்ரோல் கேன், கேனோபி, நாற்காலி, தண்ணி எல்லாம் சேர்த்து இன்னொரு 500 சுலபமா போயிடும். 4,500 பவுண்டு சுமை. 4,000 பவுண்டு ட்ரெய்லர் சேர்த்தா 8,500. இதுக்கு 5,200 பவுண்டு ஆக்சில் ரெண்டு போட்ட ட்ரெய்லர்தான் குறைஞ்சபட்சம், அது பெரும்பாலும் 9,990 ஜிவிடபிள்யூஆர்னு ஸ்டிக்கரோட வரும். 10,000க்கு பத்து பவுண்டு கம்மியா ஏன் போடறாங்கன்னா 10,000 தாண்டினா சட்டம் மாறுது, உதாரணமா கலிபோர்னியால சாதாரண கிளாஸ் சி லைசன்ஸ வச்சு 10,000 பவுண்டு ஜிவிடபிள்யூஆர் வரைக்கும்தான் ட்ரெய்லர் இழுக்கலாம். பின்னாடி கனமான எலக்ட்ரிக் காரோ ட்ரக்கோ ஏத்தற எண்ணம் இருந்தா 6,000 இல்ல 7,000 பவுண்டு ஆக்சிலுக்கு போங்க, ஆனா அப்ப எஃப்-150ஐயும் மாத்தவேண்டி வரும், அத கீழ சொல்றேன்.

இப்ப எலும்புக்கு வருவோம், இங்கதான் காசு ஒளிஞ்சிருக்கு.

டீலர்கிட்ட போறப்ப ஒரு அட்டையோ பழைய பாயோ எடுத்துட்டு போங்க, டார்ச் லைட் ஒண்ணு, டேப் ஒண்ணு. போனதும் உள்ள போகாதீங்க, கீழ படுங்க. ரெண்டு பக்கமும் நீளமா ஓடற மெயின் ரயில் என்னன்னு பாருங்க. நல்லதுல 6 இஞ்ச், 8 இஞ்ச் உயரத்துல மூடின செவ்வக ட்யூப் இருக்கும், இல்லாட்டி ஐ-பீம் இருக்கும். மலிவானதுல தகட்ட மடிச்சு செஞ்ச சி வடிவம், இசட் வடிவம், இல்ல 4 இஞ்ச் ட்யூப். 24 அடி நீளத்துக்கு நடுவுல ஆக்சில் மட்டும் தாங்குது, முன்பக்கம் ட்ரக்கோட கோக்கற ஹிட்ச் தாங்குது, மத்ததெல்லாம் அந்த ரயிலோட விறைப்புலதான் நிக்குது. அது வளைஞ்சு கொடுக்க ஆரம்பிச்சா உடையறதுக்கு ரொம்ப முன்னாடியே மத்த வியாதியெல்லாம் வரும், பக்கவாட்டு கதவு மூடாது, கார் ஏறறதுக்கு பின்னாடி சாயற ராம்ப் டோர் கோணலாகும், கூரை சீல் பிரிஞ்சு தண்ணி இறங்கும். நாலஞ்சு வருஷம் ஓடின ட்ரெய்லர்ல கதவு இழுத்து இழுத்து மூடறாங்கன்னா கீல்ல கோளாறுன்னு நெனச்சுடாதீங்க, ஃப்ரேம் தொய்ஞ்சிருக்கான்னு முதல்ல பாருங்க.

அடுத்து குறுக்கு சட்டம், கிராஸ் மெம்பர்னு சொல்றது. ஒண்ணுக்கும் இன்னொண்ணுக்கும் நடுவுல எவ்ளோ தூரம்னு டேப் வச்சு அளங்க. 16 இஞ்ச்னா ஓகே, 12னா அருமை, 24னா காருக்கு வேணாம். மஸ்டங்கோட ஒரு சக்கரம் மட்டும் கிட்டத்தட்ட 950 பவுண்டு இறக்குது, அது ரெண்டு சட்டத்துக்கு நடுவுல வெறும் ப்ளைவுட் மேல நின்னா, ரோட்டுல ஒவ்வொரு குழியிலயும் குதிச்சா, தரை என்னாகும்னு யோசிங்க. விளம்பரத்துல "16 இஞ்ச் ஆன் சென்டர்"னு போட்டிருந்தா தரைக்கு மட்டுமா, சுவருக்கும் கூரைக்குமான்னு கேளுங்க, பல பேர் தரைக்கு மட்டும் 16 வச்சுட்டு சுவருக்கும் கூரைக்கும் 24 வப்பாங்க. சுவர் தூண்லயும் தரம் இருக்கு. தகட்ட தொப்பி மாதிரி மடிச்ச ஹாட் போஸ்ட் மலிவு, முழு ட்யூப் போஸ்ட் ஒசத்தி. இரும்போட தடிமன கேஜ்ல சொல்வாங்க, அதுல நம்பர் குறைய குறைய கனம் கூடும், 11 கேஜ் 14 கேஜவிட தடி, டீலர் பெரிய நம்பர பெருமையா சொன்னா ஏமாறாதீங்க.

வெல்டிங் பாக்கறதுக்கு வெல்டரா இருக்கணும்னு அவசியமில்ல. ஸ்ப்ரிங்க பிடிச்சிருக்கற ஹேங்கர் ஃப்ரேமோட சேர்ற இடம், முன்பக்கம் ஹிட்ச்சுக்கு நீளற ஏ வடிவ டங் மெயின் ஃப்ரேம்குள்ள போற இடம், இந்த ரெண்டும் போதும். தொடர்ச்சியா ஒரே சீரா ஓடியிருக்கா, இல்ல அங்கங்க பொட்டு வச்சு விட்டிருக்கா, ஓரத்துல இரும்ப அரிச்சு பள்ளம் விழுந்திருக்கா. டங் குழாய் முன் சுவரோட நின்னுடாம உள்ள அடியில ரெண்டு மூணு கிராஸ் மெம்பர் தாண்டி ஓடணும், கனமான ட்ரெய்லர்ல நடுவுலயும் ஒரு குழாய் போட்டு மூணா வச்சிருப்பாங்க, ட்ரிப்பிள் ட்யூப் டங்னு பேர். கருப்பு அண்டர்கோட்டிங் தடியா அப்பி வச்சிருந்தா அது துருவுக்கு நல்லதுதான், ஆனா புது ட்ரெய்லர்ல அதுக்கு கீழ வெல்டிங் எப்படின்னு தெரியாது, அதனால கோட்டிங் அடிக்கறதுக்கு முன்னாடி எடுத்த போட்டோ இருக்கான்னு கம்பெனிகிட்ட கேளுங்க. நல்லா செய்யறவங்க சந்தோஷமா அனுப்புவாங்க, சில கம்பெனிக்காரங்க பட்டறையவே சுத்தி காமிப்பாங்க, முடிஞ்சா நேர்ல போய் தகடு அடிக்காத ஃப்ரேம் ஒண்ண பாருங்க, அரை மணி நேரத்துல எல்லாம் புரிஞ்சிடும்.

வயரிங்கும் அடியிலதான் தெரியும். இரும்பு ஓட்டை வழியா வயர் போற இடத்துல ரப்பர் வளையம் இருக்கணும், வயர் குழாய்க்குள்ள ஓடணும். வெறும் வயர் தொங்கிட்டு, கடிச்சு பிடிக்கற மலிவு கனெக்டர் போட்டு விட்டிருந்தா, ஒரு மழைக்காலம் தாங்காது, போற வழியில பிரேக் லைட்டும் எலக்ட்ரிக் பிரேக்கும் ஒண்ணா போகும். பிரேக் ரெண்டு ஆக்சில்லயும் இருக்கணும், ஒரு ஆக்சில்ல மட்டும் வச்சு காசு மிச்சம் பண்ற ட்ரெய்லர் உங்க எடைக்கு வேண்டவே வேண்டாம். பிரேக்அவே ஸ்விட்ச் இருக்கும், ஹிட்ச் கழண்டுச்சுன்னா ட்ரெய்லர் தானா பிரேக் பிடிக்கறதுக்கு, அந்த ஸ்விட்ச் பின்ன டீலர் முன்னாடியே உருவி சக்கரம் பூட்டுதான்னு பாருங்க, அதுக்குன்னு இருக்கற சின்ன பேட்டரி செத்திருக்கறது ரொம்ப சகஜம்.

ஆக்சில் விஷயத்துல லீஃப் ஸ்ப்ரிங்கா டார்ஷனான்னு பெரிய சண்டையே நடக்கும். டார்ஷன்ல ஆக்சில் குழாய்க்குள்ள ரப்பர் கம்பி இருக்கு, அது முறுக்கிக்கிட்டு அதிர்ச்சிய வாங்கிக்குது, ஓட்டம் மெத்துனு இருக்கும், தேய்மான பாகம் கம்மி. ஆனா ரெட்டை டார்ஷன் ஆக்சில்ல ஒவ்வொண்ணும் தனித்தனி, எடைய ரெண்டும் பகிர்ந்துக்காது. ஹிட்ச் உயரம் சரியில்லாம ட்ரெய்லர் மூக்கு தாழ்ந்தோ தூக்கியோ நின்னா ஒரு ஆக்சில் தன் பங்கவிட ரொம்ப கூடுதலா சுமக்கும், அந்த டயர்தான் வெடிக்கும். ரப்பர் செத்துட்டா முழு ஆக்சிலையே மாத்தணும். லீஃப்ல நடுவுல ஈக்குவலைஸர்னு ஒண்ணு ஆடிக்கிட்டே எடைய ரெண்டு ஆக்சிலுக்கும் பிரிச்சு கொடுக்குது, நெடுஞ்சாலைல எந்த சின்ன ஊர்ல நின்னாலும் ஸ்ப்ரிங் பட்டை கிடைக்கும், மாத்த ஆளும் கிடைப்பான். எனக்கு கேட்டா உங்க மாதிரி அப்பப்ப ட்ராக்குக்கு போறவங்களுக்கு லீஃபே போதும், ஆனா ஒரு வேலை செய்யணும். ஈக்குவலைஸர்ல கம்பெனி போடற ப்ளாஸ்டிக் புஷ்ஷ எடுத்துட்டு வெண்கல புஷ்ஷும் கிரீஸ் அடிக்கற போல்ட்டும் போடுங்க, பெரிய செலவில்ல, ப்ளாஸ்டிக் புஷ் தேய்ஞ்சு போல்ட்டும் ஹேங்கரும் ஓவலா அரிச்சு ஆக்சில் கோணலாகறதுதான் பாதி ட்ரெய்லர்ல டயர் ஒருபக்கமா தேயறதுக்கு காரணம். தாழ்வான தரை வேணும், கார் ரொம்ப தாழ்ந்த காருன்னா டார்ஷனுக்கு நியாயம் இருக்கு.

டயர் பத்தி யாரும் கேக்கறதில்ல, எனக்கு அதான் வருத்தம். 7,000 பவுண்டு ட்ரெய்லர்ல வர்ற எஸ்டி205/75ஆர்15 லோட் ரேஞ்ச் சி (லோட் ரேஞ்ச்னா டயர் தாங்கற எடை வகுப்பு) டயர் ஒண்ணு 1,820 பவுண்டுதான் தாங்கும், நாலும் சேர்த்தா 7,280, பாருங்க எவ்ளோ ஒட்டி நிக்குதுன்னு. 5,200 ஆக்சிலுக்கு எஸ்டி225/75ஆர்15 வரும், அதுல லோட் ரேஞ்ச் டி 2,540, இ-ன்னா 2,830. டி போட்டு கொடுத்தா இ-க்கு மாத்தி கேளுங்க, ரிம்மும் 80 பிஎஸ்ஐ காத்தழுத்தம் தாங்கற ரிம்மா இருக்கணும், அத மறக்காதீங்க. டயர் பக்கவாட்டுல டிஓடி எண்ணோட கடைசி நாலு இலக்கம் எந்த வாரம் எந்த வருஷம் செஞ்சதுன்னு சொல்லும், 1423னா 2023ல 14ஆவது வாரம். டீலர் யார்டுல ரெண்டு வருஷம் வெயில்ல காஞ்ச ட்ரெய்லர "புதுசு"ன்னே விப்பாங்க. ட்ரெய்லர் டயர் பட்டன் தேய்ஞ்சு சாகாது, வயசாகி சாகும், அஞ்சு ஆறு வருஷத்துல பட்டன் புதுசா இருந்தாலும் மாத்திடணும். டயர் அழுத்தமும் சூடும் காட்டற டிபிஎம்எஸ் ஒண்ணு போட்டுக்குங்க, மூடின ட்ரெய்லர்ல டயர் வெடிச்சா டயர மூடியிருக்கற சக்கர பெட்டிய கிழிச்சுட்டு உள்ள இருக்கற காரையும் அடிக்கும்.

தகடு, கூரை. வெளித்தகடு .024 இஞ்ச் மலிவு, .030 பரவால்ல, .040க்கு மேல போனா அலை அலையா தெரியாது, ஆலங்கட்டி மழைல குழி குறையும், டெக்சாஸ்ல அது உங்களுக்கே தெரியும். கூரை மட்டும் விட்டுக்கொடுக்காதீங்க: முன்னாடியிலேருந்து பின்னாடி வரைக்கும் ஒரே அலுமினிய ஷீட், கொஞ்சம் வளைஞ்சு தண்ணி வழியற மாதிரி. துண்டு துண்டா ஒட்டின கூரைல ஒவ்வொரு ஒட்டும் ஒரு நாள் ஒழுகும். ஒழுகினா ப்ளைவுட் ஊதும், இரும்பு துருப்பிடிக்கும், எல்லாத்தையும்விட காருக்குள்ள ஈரம் சேரும். தரைக்கு முக்கால் இஞ்ச் ப்ளைவுட், சுவருக்கு 3/8 இஞ்ச் ப்ளைவுட், மரத்தூள் அழுத்தின பலகை எதுவும் வேணாம். பழசு வாங்கறதா இருந்தா பகல்ல உள்ள போய் எல்லா கதவையும் மூடிட்டு இருட்டுல ரெண்டு நிமிஷம் நில்லுங்க, வெளிச்சம் வர்ற இடமெல்லாம் தண்ணி வர்ற இடம். மூக்குக்கும் வேலை கொடுங்க, பூஞ்சை வாசம் மறைக்க முடியாதது. முன்பக்க மூலைகள், கூரை விளக்கு பொருத்தின ஓட்டைகள், சக்கர பெட்டிக்கு பின்னாடி தரை ஓரம், இங்கயெல்லாம் விரலால அழுத்திப் பாருங்க.

காருக்குன்னே வேண்டிய விஷயங்கள் தனி. மூடின ட்ரெய்லர் வெளி அகலம் 102 இஞ்ச், அதான் இங்க நெடுஞ்சாலைல அனுமதிச்ச அகலம், உள்ள சுவருக்கு சுவர் சுமார் 97 வரும், ரெண்டு சக்கர பெட்டிக்கு நடுவுல சுமார் 82. மஸ்டங் உடம்பு 75 இஞ்ச் சொச்சம். ஆக ஓட்டி உள்ள நிறுத்தினதும் பக்கத்துக்கு 11 இஞ்ச்தான் இருக்கு, அதுலயும் கதவு சக்கர பெட்டி மேல இடிக்கும். எப்படி இறங்குவீங்க? ஜன்னல் வழியா நுழைஞ்சு வர்றவங்க இருக்காங்க, வின்ச் போட்டு ஆளில்லாம இழுக்கறவங்களும் இருக்காங்க. சரியான வழி எஸ்கேப் டோர், இடதுபக்க சுவர்ல சக்கரத்துக்கு மேல ஒரு பெரிய கதவு, அத திறந்தா கார் கதவ முழுசா திறந்து இறங்கலாம், சக்கர பெட்டியையும் கழட்டி எடுக்கற மாதிரி இருந்தா இன்னும் நல்லது. காச மிச்சம் பண்ண இத வெட்டிடாதீங்க, ஒவ்வொரு தடவையும் அருமை தெரியும். ஆனா சுவர்ல அவ்ளோ பெரிய ஓட்டை போட்டா அந்த சுவரோட பலம் போகுது, அதனால கதவ சுத்தி, மேலயும் கீழயும், கூடுதல் ட்யூப் போட்டு கட்டியிருக்காங்களான்னு கேளுங்க. ஆர்டர் போடறப்பவே கம்பெனியில வைக்கணும், பின்னாடி வெட்டி வைக்கற வேலை வேணாம்.

கார கட்டறதுக்கு தரைல பதிச்ச வளையமான டி-ரிங்ல பெரிய மோசடி மாதிரியே ஒண்ணு நடக்குது. மேல பாத்தா எல்லா டி-ரிங்கும் ஒண்ணுதான், கீழ போய் பாத்தா சிலது கிராஸ் மெம்பர்ல வெல்டு பண்ணின தகட்டோட போல்ட்டு போட்டிருக்கும், சிலது வெறும் ப்ளைவுட்ல ஸ்க்ரூ அடிச்சிருக்கும், அது அட்டைப்பெட்டில ஆணி அடிச்சு மாட்ட கட்டற மாதிரி. "5,000 பவுண்டு டி-ரிங்"னு சொன்னா அது பெரும்பாலும் அறுந்துபோற எடை, வேலை செய்யற எடை அதுல மூணுல ஒரு பங்கு, 1,666 பவுண்டு. அதனால எப்பவும் வொர்க்கிங் லோட் எவ்ளோன்னு கேட்டு வாங்குங்க, பட்டைக்கும் ராட்செட்டுக்கும் இதே கதைதான். நாலு டி-ரிங் எங்க வைக்கணும்ங்கறத உங்க கார் வீல்பேஸ கொடுத்து முடிவு பண்ணுங்க, ஏன்னா கார் எந்த இடத்துல நிக்குதோ அதுதான் ஹிட்ச் மேல விழற எடைய தீர்மானிக்குது. மொத்த எடைல 10லேருந்து 15 சதவீதம் ஹிட்ச் மேல இருக்கணும், கம்மியானா ட்ரெய்லர் வால் ஆட்டும், அது ஆரம்பிச்சா நிறுத்தறது கஷ்டம். மஸ்டங் இன்ஜின் முன்னாடி, அதனால முன்பக்கமா ஓட்டி ஏத்தினா சரியா வரும். பின்னாடி இன்ஜின் இருக்கற 911 வச்சிருக்கறவங்க நிறைய பேர் ரிவர்ஸ்ல ஏத்தறதும் இதுக்குத்தான்.

ராம்ப் டோருக்கு எவ்ளோ எடைன்னு எழுத்துல கேளுங்க, அதோட உள் சட்டமும் நெருக்கமா இருக்கணும். பின்பக்க கடைசி நாலடி கீழ சரியற பீவர்டெயில் இருந்தா ராம்ப் ஏற்றம் குறையும், முன்னாடி தரைய ஒட்டி ஸ்ப்ளிட்டர் தகடு போட்ட காருக்கு கட்டாயம். கார் ஏத்தறப்ப ட்ரெய்லர் ட்ரக்கோட மாட்டியிருக்கணும், மாட்டாம ஏத்தினா பின்சக்கரம் தாண்டி எடை விழறப்ப மூக்கு தூக்கிடும், பின்னாடி ரெண்டு ஸ்டெபிலைஸர் ஜாக்கும் போட்டுக்குங்க.

எஃப்-150 தாங்குமா? இழுக்கற சக்திய மட்டும் பாக்காதீங்க, அது பெரும்பாலும் தாராளமா இருக்கும். டிரைவர் கதவு தூண்ல ஒட்டியிருக்கற மஞ்சள் ஸ்டிக்கர பாருங்க, "ஆளும் சரக்கும் சேர்த்து இவ்ளோ பவுண்டு தாண்டக்கூடாது"ன்னு இருக்கும். உங்க 8,500 பவுண்டு ட்ரெய்லர் சுமாரா 1,050 பவுண்டு ஹிட்ச்ல இறக்கும், எடைய ட்ரக்கோட முன்சக்கரத்துக்கும் பரப்பற வெயிட் டிஸ்ட்ரிப்யூஷன் ஹிட்ச் 100, நீங்க மூணு பேர் 500, மொத்தம் 1,650. ஸ்டிக்கர்ல 1,500ன்னு இருந்தா ட்ரக் பத்தாது, 1,900ன்னு இருந்தா வரும். அதே மாடல் ட்ரக்லயே ஆப்ஷன பொறுத்து இந்த நம்பர் நூத்துக்கணக்குல மாறும், அதனால யார்கிட்டயும் கேக்காம உங்க கதவ திறந்து பாருங்க. ட்ரக் பின்னாடி ஹிட்ச சொருகற ரிசீவர்லயும் ஒரு ஸ்டிக்கர் இருக்கும், வெயிட் டிஸ்ட்ரிப்யூஷன் இல்லாம எவ்ளோ, இருந்தா எவ்ளோன்னு, அதையும் பாருங்க. இன்னொண்ணு, காத்து. ட்ரக்கோட டோவிங் கைடுல ட்ரெய்லர் முன்பக்க பரப்பளவுக்கு ஒரு வரம்பு இருக்கும், 60 சதுர அடின்னு போடறது உண்டு, எட்டரை அடி அகல மூடின ட்ரெய்லர் அத தொட்டு நிக்கும் இல்ல தாண்டும். மேற்கு டெக்சாஸ் பக்கவாட்டு காத்துல 24 அடி சுவர் பாய்மரம், எஃப்-150 மாதிரி அரை டன் வகை ட்ரக்ல கை வலிக்க ஓட்டணும். ஸ்டிக்கர் ஒட்டி நிக்குதுன்னா என் வழி ரெண்டுல ஒண்ணு: 20 அடிக்கு இறங்குங்க, இல்ல அலுமினிய ஃப்ரேமுக்கு போங்க.

அலுமினிய ஃப்ரேம்னா அதே நீளத்துக்கு 800, 1,000 பவுண்டு வரைக்கும் குறையும். ஐயோவால ஃபெதர்லைட், நாப்பனில ஏடிசி, இன்டெக் இவங்க ரொம்ப நாளா அத செய்யறாங்க. விலை கண்ண கட்டும், ஆனா துரு கிடையாது, உப்பு போடற வடக்கு ஊர்கள்ல அது பெரிய விஷயம், விக்கறப்பவும் விலை அவ்வளவா இறங்காது. ட்ரக்க அடுத்த பெரிய வகையான முக்கால் டன்னுக்கு மாத்தற செலவோட ஒப்பிட்டு பாத்தா சில சமயம் அலுமினியம்தான் லாபம். அதுலயும் புதுசுல மலிவு ஸ்டீல் வாங்கறதவிட பத்து வருஷ பழைய நல்ல அலுமினியம் ஒண்ண டயர், பேரிங், பிரேக் எல்லாம் மாத்தி வச்சுக்கறது எனக்கு ரொம்ப பிடிச்ச வழி. அலுமினியமும் இரும்பும் ஒட்டற இடத்துல வெள்ளையா பூத்து அரிச்சிருக்கும், ஆக்சில் ஃப்ரேமோட சேர்ற இடத்துல அத தேடுங்க, வெல்டிங் பக்கத்துல மயிரிழை விரிசலும் தேடுங்க.

ட்ரெய்லர்ல என்ஏடிஎம் ஸ்டிக்கர் பாத்திருப்பீங்க, ட்ரெய்லர் செய்யறவங்க சங்கம் அது. விளக்கு, ஹிட்ச கவ்வற கப்ளர், சங்கிலி, வண்டி அடையாள எண் (விஐஎன்) தகடு இதெல்லாம் ஃபெடரல் விதிப்படி இருக்குன்னு அர்த்தம், இருக்கறது நல்லது. ஆனா ஃப்ரேம் கனமா இருக்குன்னு அது சொல்லல, அத தரத்துக்கு சான்றா டீலர் சொன்னா கேட்டுக்காதீங்க. அமெரிக்க சாலை பாதுகாப்பு துறையான என்ஹெச்டிஎஸ்ஏ தளத்துல அந்த ட்ரெய்லருக்கு ரீகால் இருக்கான்னும் பாருங்க.

பணம் கொடுக்கறதுக்கு முன்னாடி நான் சொன்னதெல்லாம் ஸ்பெக் ஷீட்ல எழுத்துல வரணும்: மெயின் ரயில் அளவு, கிராஸ் மெம்பர் இடைவெளி, சுவர் தூண், கூரை, ஆக்சில் எடை, பிரேக் எத்தனை, டயர் லோட் ரேஞ்ச், டி-ரிங் எப்படி பொருத்தறாங்க, காலி எடை. "எல்லாம் ஸ்டாண்டர்டுதான் சார்"னு வாயால சொல்றது செல்லாது. கைக்கு வந்ததும் வீட்டுக்கு போற வழியில ட்ரக் ஸ்டாப்ல கேட் (CAT) ஸ்கேல்ங்கற எடை மேடைல ஏத்துங்க, சின்ன தொகைதான், ட்ரெய்லரோட நிஜ காலி எடை தெரிஞ்சிடும். ஆப்ஷன் சேர்க்க சேர்க்க ப்ரோஷர்ல போட்டத விட கூடவே வரும், உங்க சுமை கணக்கு அந்த நிஜ எண்ணுலதான் போடணும். முதல் 50 மைல்ல ஒருதரம் நிறுத்தி வீல் நட்ட டார்க் ரெஞ்சால திரும்ப இறுக்குங்க, அப்படியே ஒவ்வொரு ஹப்பையும் தொட்டுப் பாருங்க, ஒண்ணு மட்டும் கொதிச்சா அங்க பேரிங்கோ பிரேக்கோ சரியில்ல.

கடைசியா வி-நோஸ் கேட்டீங்க. பெட்ரோல் மிச்சமாகும்னு சொல்லி விப்பாங்க, அந்த நம்பிக்கைல வாங்காதீங்க, இவ்ளோ உயரமான பெட்டிய இழுக்கறப்ப வர்ற வித்தியாசம் ரொம்ப கொஞ்சம். ஆனா மூக்கு முக்கோணத்துல டூல் பாக்ஸும் டயர் ரேக்கும் அழகா உக்காரும், கார் நிக்கற நீளத்த தொடாம. 20 அடி வி-நோஸ் எடுத்தா உங்க மஸ்டங்குக்கும் சாமானுக்கும் இடம் பத்தும், ஹிட்ச் எடை கூடாம கனமான சாமான பின்னாடி கொஞ்சம் தள்ளி வைக்கவும் முடியும். அதனால 5,200 ஆக்சில், 16 இஞ்ச் சட்டம், எஸ்கேப் டோரோட 20 அடி வி-நோஸ் ஒண்ணுக்கு ரெண்டு மூணு இடத்துல ஸ்பெக் ஷீட் வாங்குங்க, உங்க ட்ரக் கதவு ஸ்டிக்கர் போட்டோவையும் சேர்த்து போடுங்க, எந்த ஷீட்ல எத விட்டிருக்காங்கன்னு வரி வரியா பாத்து சொல்றேன்.